உப்புத் தடவிய மரங்கள்

“அக்கா, என்ர தலையே போகுதில்லை” என்றான் மத்தேயு.

வீரையாவின் வீட்டில் எடுத்த கம்பி வளையம் அவன் நெற்றியோடு நின்றுவிட்டது. அப்படியும் இப்படியும் திருகிப் பார்த்தான். புருவத்துக்குக் கீழே இறங்க மறுத்தது. தர்மபுரத்தில் வீரையாவின் முற்றத்தில் கூடியிருந்தவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“உன்ர தலை பெரிசு எண்டு முல்லைத்தீவு முழுக்கத் தெரியும். கழட்டு” என்றாள் பத்மாசனி.

“பெரிசுதான். ஆனா குதிரையின்ர தலையைவிடப் பெரிசு எண்டு இதுவரை ஒருத்தரும் சொல்லேல்ல.”

அவளுக்கு வேண்டியது அந்த வார்த்தைதான். வளையத்தை வாங்கிக் குடியேற்றச் சங்கத் தலைவர் ராஜரத்தினத்தின் கையில் கொடுத்தாள். “ஐயா, இது கச்சான் தோட்டத்துக்கு வாற முயலுக்குக் கட்டின சுருக்கு. இதால குதிரை பிடிக்கிறதெண்டா முதல்ல குதிரையை உருக்கித்தான் ஊத்தவேணும்.”

“வேற கம்பியும் வச்சிருந்திருக்கலாமே, தங்கச்சி.”

“இருந்தா அதைக் காட்டுங்கோ. நான் வீட்டுக்குப் போறன்.”

ராஜரத்தினம் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்ட மனிதரல்லர். ஆனால் முடிவை முதலில் எடுத்துவிட்டுக் காரணத்தைப் பிறகு தேடும் பழக்கம் அவருக்கு உண்டு. நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், சங்கம் கூடும். வீரையா குதிரைகளைக் கொன்று இறைச்சியாக விற்றான் என்று முடிவானால் அவனுடைய காணியைப் பறித்துக் குடும்பத்தோடு வெளியேற்றுவார்கள்.

வீரையா கூனிக் குந்தியிருந்தான். தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரம் விரட்ட ஓடிவந்து, காட்டை வெட்டிக் கச்சான் கடலை போட்ட குடும்பம். பின்வரிசையில் யாரோ, “தோட்டக்காட்டு ஆக்களை நம்பினா இப்பிடித்தான்” என்று முணுமுணுத்தது அவன் மனைவி வடிவம்மாவின் காதிலும் விழுந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது அவளுக்குப் புதிதல்ல.

பத்மாசனி அவளைக் குசினிப் பக்கம் அழைத்துப்போனாள்.

“குதிரை காணாமப்போன நேரம் உங்கட மனுசன் எங்க நிண்டவர்?”

“மல்லாவியிலங்க. டோர்ச் பெட்டறி வாங்கிட்டு வரச்சொல்லி சுதர்சினி அம்மாதான் அனுப்பிச்சாங்க. சைக்கிள் மிதிச்சிப் போயி, ஒரு ராத்திரி தங்கி, மறுநா வந்தாரு. வந்து பாத்தா கொளத்துல ஒரு குதிரையுமில்ல.”

“அதைச் சங்கத்துக்குச் சொன்னனீங்களா?”

“சொன்னோங்க. அந்தம்மாவ கூப்பிட்டுக் கேட்டாங்க. ஞாபகமில்லன்னுட்டாங்க.”

பத்மாசனி சைக்கிளை எடுத்தாள்.

இடம்பெயர்வதற்கு முன் அவள் யாழ்ப்பாணத்தில் ஒரு காப்புறுதிக் கம்பனிக்குத் துப்பறிந்தவள். எரிந்த கடை உண்மையில் எரிந்ததா, மூழ்கிய வள்ளம் உண்மையில் மூழ்கியதா என்று பார்ப்பது வேலை. செத்துப்போனதாகக் காசு கேட்கப்பட்ட ஒருவர் தன் கையாலேயே அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததும் உண்டு. வன்னியில் காப்புறுதி இல்லை; ஆனால் காணாமற்போவதற்கு எவ்வளவோ இருந்தன. மாடு, சைக்கிள், தண்ணிப் பம்பு. மத்தேயுவும் அப்படித்தான் அவளிடம் வந்தான். முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடித்தவன். திருட்டுப்போன வள்ள எஞ்சினைக் கண்டுபிடித்துத் தரச்சொல்லி வந்தான். எஞ்சின் கிடைப்பதற்குள் போரில் கடல் அடைபட்டுப்போனது. எஞ்சினை விற்றுவிட்டு அவளோடு நின்றுகொண்டான்.

“அக்கா, அந்த ‘ஞாபகமில்லை’ எனக்கு வடிவாச் செமிக்கேல்ல” என்றான் அவன், காட்டுப் பாதையில் சைக்கிளை மிதித்தபடி.

“அவள் நேற்று இரவு முழுக்க அழுதவள் மத்தேயு. என்ர தோளில சாய்ஞ்சு அழுதவள். அப்பிடி அழுதவளுக்கு மறதி வரும்.”

“எனக்கும் மறதி வரும். கடன் குடுத்தவனைக் கண்டா.”

பத்மாசனி முறைத்தாள். சுதர்சினியைப் பற்றி அவள் முன்னால் பகிடி விடக்கூடாது என்பது மத்தேயுவுக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பித்தவள் சுதர்சினி. படையெடுப்புக்குப் பயந்து யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நடந்த அந்த மழையில், பத்மாசனி கால் சறுக்கி வெள்ளத்துக்குள் விழுந்தபோது, முன்பின் தெரியாத அந்தப் பெண்தான் தன் பெட்டியைத் தண்ணீரில் விட்டுவிட்டு அவளைத் தூக்கி நிறுத்தினாள். அன்றிலிருந்து ஒரே கொட்டில், ஒரே அடுப்பு. வயதில் இளையவள், தங்கையாகிவிட்டாள்.

அந்தக் குதிரைகளை முதலில் கண்டதும் சுதர்சினிதான். நெடுந்தீவிலிருந்து யாரோ ஒரு வியாபாரி வண்டி இழுப்பதற்கென்று கொண்டுவந்த மட்டக் குதிரைகள். வியாபாரி போய்விட்டான்; குதிரைகள் காட்டுக்குள் போய்ப் பெருகின. இப்போது ஓர் ஆண், மூன்று பெட்டை, இந்த வருடம் பிறந்த ஒரு குட்டி. உடையார்கட்டுக் காட்டிலுள்ள ஆத்திமோட்டைக் குளம்தான் அவற்றின் ஊர். யானை, கரடி, மரை, புள்ளிமான், பன்றி எல்லாம் தண்ணீருக்கு வரும் குளம் அது. எந்த மிருகம் எதற்கு வழிவிடுகிறது, எது எதைத் துரத்துகிறது என்று சுதர்சினி ஆராய்ந்தாள். வீரையா அவளுக்கு வழிகாட்டி. குதிரைகளுக்குப் பேர் வைத்தவனும் அவன்தான்.

ஆவணி வெயிலில் குளம் வற்றி, நடுவில் ஒரு வட்டத் தண்ணீர்தான் கிடந்தது. கரைச் சேறு முழுவதும் மானின் குளம்படி.

“சொல்லு, என்ன இல்லை இங்க?” என்றாள் பத்மாசனி.

மத்தேயு மூக்கை உறிஞ்சினான். “நாத்தம் இல்லை. காகம் இல்லை. இத்தனை குதிரையை இறைச்சியாக்கியிருந்தா இந்தப் பக்கத்துக் காகமெல்லாம் கொழுத்துப் பறக்கேலாமல் நடந்து திரியும்.”

“வேற?”

“உழக்கின இடம் இல்லை. ஒரு கயிறு விழுந்தாலே குதிரை ஊரைக் கூட்டும். இங்க ஒண்டும் முறியேல்ல, கிளறேல்ல.”

“அப்ப, பிடிச்சுக்கொண்டு போகேல்ல. தானாப் போயிருக்கு. தண்ணியை விட்டிட்டு, இந்த வறட்சியில.” அவள் குளக்கட்டில் ஏறி நின்றாள். “தண்ணியைவிட என்னத்துக்குக் குதிரை ஆசைப்படும்?”

“என்னட்டக் கேக்காதேங்கோ. நான் தண்ணியைவிட ஆசைப்படுற சாமான் பனையிலதான் இருக்கு.”

கட்டின் கிழக்கே காட்டு விளிம்பில் ஒரு பாலைமரம். அதைத் தாண்டிப் போய்த் திரும்பியவள் அப்படியே நின்றாள். குளத்தைப் பார்த்த பக்கம் மரப்பட்டை சொரசொரவென்று இருந்தது. மறுபக்கம், நெஞ்சு உயரத்தில், தேய்த்துத் தேய்த்து மினுங்கியது. பட்டை வெடிப்பில் மண்ணிறத்தில் இரண்டு நீள மயிர்.

“நக்கியிருக்கு” என்றாள்.

மத்தேயு கிட்டப் போய் உற்றுப் பார்த்தான். பிறகு, அவள் தடுப்பதற்குள், நாக்கை நீட்டி மரத்தை ஒரு நக்கு நக்கினான்.

“சீ!”

“உப்பு” என்றான். கண்ணை மூடிக்கொண்டான். “கடலுப்பு. கரைச்சுப் பூசியிருக்கு. கடலைத் தொட்டு எத்தனை வருசம்… ருசி மறக்கேல்ல அக்கா.”

“கல்லுப்பாப் போட்டா லேசு. ஏன் மினக்கெட்டுக் கரைச்சுப் பூசவேணும்?”

“உப்பு விக்கிற விலையில கல்லுப்புப் போட்டா, குதிரை வரமுந்திச் சனம் வந்து பொறுக்கிப்போடும். நான் முதல் ஆளா நிப்பன்.”

அடுத்தது ஒரு வீரைமரம். அதிலும் குளத்துக்கு மறுபக்கம்தான் மினுக்கம். அப்பால் ஒரு கருங்காலி. அதற்கும் அப்பால் இன்னொரு பாலை. மரத்துக்கு மரம், ஒரு குதிரை நக்கி முடித்துத் தலையைத் தூக்கினால் அடுத்த வாசம் மூக்கில் படும் தூரம். ஒரு நாளில் செய்த வேலையல்ல. கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்குச் சில மரமாகப் பூசிப் பழக்கி, கடைசியில் ஒரே இரவில் கொண்டுபோயிருக்க வேண்டும்.

“பொறுமைசாலி” என்றான் மத்தேயு. “நான் மீனுக்குக்கூட இவ்வளவு மரியாதையா இரை வச்சதில்லை.”

“எல்லா மரத்திலயும் ஏன் மறுபக்கம்?”

“குளத்தில நிண்டு பாக்கிறவைக்குத் தெரியக்கூடாது எண்டு.”

“குளத்தில நிண்டு ஒவ்வொரு நாளும் பாக்கிற ஆள் ஆர்?”

மத்தேயு வாயைத் திறந்து மூடினான். “வீரையா அண்ணை.”

“அப்ப வீரையாவுக்கு ஒளிச்சுப் பூசின உப்பு இது. வீரையா கள்ளனில்லை.”

சொன்ன வேகத்தில் அவள் முகம் மலர்ந்தது, உடனே வாடியது. குளத்துக்கு நாள்தோறும் வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவனுக்கு ஒளிப்பதென்றால் மற்றவருக்கு ஒளிக்கத் தேவையில்லை என்று ஆகிறது. அந்த நினைப்பை அவள் முடிக்கவில்லை. காப்புறுதி வேலையில் எத்தனையோ பேரின் நினைப்பை அவர்களுக்காக முடித்துக் கொடுத்தவள். தன்னுடையதை அங்கேயே விட்டுவிட்டுச் சைக்கிளைத் தள்ளினாள்.

மரங்கள் கிழக்கே கிழக்கே கொண்டுபோயின. இடையிடையே காய்ந்த குதிரைச் சாணம், நடந்தபடி போட்டது, சிதறிக் கிடந்தது. காடு மெலிந்து மணலானது. பிறகு பனை, பிறகு கடற்காற்று. கடைசியில், சொந்தக்காரர் செல்குண்டுகளுக்குப் பயந்து விட்டுப்போன ஒரு தென்னந்தோட்டம். சுற்றிவரப் பழைய முட்கம்பி வேலி. வேலியில் ஆள் நுழையும் பொட்டுகளெல்லாம் பச்சைக் கம்புகளால் புதிதாக அடைக்கப்பட்டிருந்தன.

வேலிக்கு உள்ளே ஒரே இடத்தில் சாணம் கும்பியாகக் குவிந்து கிடந்தது. அடியில் காய்ந்தது, மேலே ஈரம்.

“ஆண்குதிரை போன இடத்திலயே திரும்பத் திரும்பப் போகும்” என்றாள் பத்மாசனி மெதுவாக. “தன்ர இடம் எண்டு மற்றதுகளுக்குக் காட்ட. அப்ப உயிரோடதான் இருக்கு.”

“இது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“ஒருநாள் சோறு தின்னேக்க சுதா சொன்னவள். சோறு இறங்கேல்ல எண்டு சண்டை பிடிச்சனான்.”

மத்தேயு படலையடியில் குனிந்து கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அக்கா, இந்த முடிச்சைப் பாருங்கோ. கடல்காரன் இப்பிடிக் கட்டான். மாட்டுக்காரன் கட்டான். சப்பாத்து நாடா கட்டிற மாதிரி ரண்டு காது வச்சுக் கட்டியிருக்கு.” நிமிர்ந்தான். பகிடிக் குரல் இறங்கிப்போயிருந்தது. “இது பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போன ஆள்.”

பத்மாசனி முடிச்சை இழுத்தாள். ஒரே இழுவையில் அவிழ்ந்தது.

குதிரைகள் தென்னை நிழலில் ஒட்டிக்கொண்டு நின்றன. விலா எண்ணலாம் போலிருந்தது. மூத்த பெட்டை தலையைத் தூக்கிப் பார்த்தது, ஓடவில்லை. ஓடத் தெம்பில்லை. கிணற்றடியில் ஒரு பழைய தொட்டி. மத்தேயு அதிலிருந்த தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி வாயில் விட்டுத் துப்பினான். “கடல் உள்ளுக்கு வந்திட்டுது. இது குடிக்கிற தண்ணி இல்லை.”

தொட்டிக்கு அப்பால் தென்னோலை போட்டு மூடிய ஒரு சின்ன மேடு. காற்றுக்குப் பறக்காமல் நாலு பக்கமும் கல் வைத்திருந்தது. ஓலையின் ஓரத்தில் ஒரு சிறு குளம்பு தெரிந்தது.

மத்தேயு தொப்பியைக் கழற்றிச் சிலுவை அடையாளம் போட்டான்.

பின்னால் சைக்கிள் சங்கிலி கறகறத்தது. கரியரில் ஒரு பெரிய தண்ணீர்க் கான், ஹாண்டிலில் இரண்டு. தள்ளிக்கொண்டு வந்தவள் படலை திறந்து கிடப்பதைக் கண்டு நின்றாள்.

“வருவீங்கள் எண்டு தெரியும் அக்கா” என்றாள் சுதர்சினி. “இவ்வளவு கெதியா எண்டு நினைக்கேல்ல.”

பத்மாசனிக்கு முதலில் வந்தது கோபம் அல்ல. அந்தக் கான்களைப் பிடித்து இறக்க வேண்டும் என்றுதான் கை போனது. பழக்கம். கையை இழுத்துக்கொண்டாள்.

மத்தேயு போய்க் கான்களை வாங்கித் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவி நல்ல தண்ணீரை ஊற்றினான். குதிரைகள் இடித்துக்கொண்டு வந்தன.

“ஏன் சுதா?”

“குதிரை நிண்டா மான் தண்ணிக்குக் கிட்ட வராது. மரை இருட்டும்வரை காத்து நிக்கும். அது எனக்குத் தெரியும். ஆனா குதிரை இல்லாட்டி என்ன நடக்கும் எண்டு தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. பாதி ஆராய்ச்சியை வச்சுக்கொண்டு நான் என்ன செய்ய? மழை விழுந்தா ஒவ்வொரு குழியிலயும் தண்ணி நிக்கும், பிறகு ஒண்டையும் ஒப்பிடேலாது. இந்த வறட்சி எனக்குத் திரும்பக் கிடைக்காது.” அவள் கண்கள் பளபளத்தன. “மான் வந்திட்டுது அக்கா. பட்டப்பகல்ல, குட்டியோட வந்து தண்ணி குடிக்குது. நான் என்ர கண்ணால பாத்தனான்.”

“வீரையாட்டக் கேட்டனீயா?”

“கேட்டன். துரத்த விடமாட்டன் எண்டான்.”

“அதால மல்லாவிக்கு அனுப்பினனீ.”

சுதர்சினி குதிரைகளின் பக்கம் திரும்பினாள்.

“பிறகு ஞாபகமில்லை எண்டனீ.”

“பயந்திட்டன். எல்லாரும் சுத்தி நிண்டு கேட்டவை. வாயில அதுதான் வந்தது. வந்தபிறகு மாத்தேலாமல் போட்டுது.”

“நேற்று அழுதனீ. நான் உன்ர முகத்தைத் துடைச்சுவிட்டனான்.”

“அது பொய்யில்லை அக்கா!” சுதர்சினியின் குரல் உடைந்தது. “நேற்றுக் காலமைதான் குட்டி செத்தது. என்ர மடியில செத்தது. அதுக்குத்தான் அழுதனான்.”

பத்மாசனி அந்த ஓலை மேட்டைப் பார்த்தாள். கண்ணீர் உண்மை. தான் அதை வீரையாவுக்கான கண்ணீர் என்று எடுத்துக்கொண்டது தன் பிழை. எத்தனை வருடம் பொய்யைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள்! பொய்யே சொல்லாமல் அவளை ஒருத்தி ஏமாற்றியிருக்கிறாள்.

“வீரையாவுக்கு என்ன நடக்கும் எண்டு யோசிச்சனீயா?”

“கொஞ்சநாள் கதைப்பினம். பிறகு மறந்திடுவினம். அவைக்கு இதெல்லாம் பழக்கம்தானே.”

‘அவைக்கு.’ பத்மாசனியின் காதில் அந்தச் சொல்தான் நின்றது. பின்வரிசையில் முணுமுணுத்தவனுக்கும் இவளுக்கும் இடையில் ஒரு பட்டம்தான் வித்தியாசம். எந்த ஆளை ஊர் விசாரிக்காமலே சந்தேகிக்குமோ அந்த ஆளைத்தான் இவள் தன் மௌனத்துக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறாள்.

“நாளைக்குப் பின்னேரம் சங்கம் கூடுது. நீ வந்து சொல்லு. உன்ர வாயால.”

“சொல்லுறன்.”

“சொல்லாட்டி நான் சொல்லுவன்.”

“உங்களை அப்பிடி நிக்க விடமாட்டன் அக்கா. அந்த மழைக்க விட்டனானா?” சுதர்சினி அவள் கையைப் பிடித்தாள். கை சூடாக இருந்தது. “இண்டைக்கு இரவு இதுகளோட நிக்கிறன். நாளைக்கு நேரே அங்க வாறன்.”

திரும்பும் வழியில் மத்தேயு சைக்கிளை அவளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். பிறகு கேட்டான்: “வருவா எண்டு நினைக்கிறீங்களோ?”

“வருவாள்.”

“சரி” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பள்ளிக்கூட வளவில் வேப்பமரத்தின் கீழ் சங்கம் கூடியது. ராஜரத்தினத்துக்கு ஒரு கதிரை. மற்றவர்கள் நிலத்தில். வீரையாவும் வடிவம்மாவும் ஒரு பக்கத்தில் தனியாக, சுற்றிவர இடம் விட்டு. பத்மாசனி பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் எழுந்தாள். மத்தேயுவும் காலையிலிருந்து கண்ணில் படவில்லை.

“இனிப் பாத்துக்கொண்டிருக்கேலாது” என்றார் ராஜரத்தினம். “என்ன தங்கச்சி, ஏதும் சொல்ல இருக்கோ?”

அவள் எழுந்து சொன்னாள். உப்பு, மரம், தென்னந்தோட்டம், குட்டி. ஒன்றையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. சொல்லச் சொல்லக் கூட்டத்தில் சிரிப்பு எழும்பியது.

“மரத்தை நக்கிப் பாத்ததோ?” என்றான் ஒருவன்.

“பல்கலைக்கழகத்தில படிப்பிச்ச மிஸ் குதிரை களவெடுத்தவா எண்டுறீங்கள்” என்றார் ராஜரத்தினம். “அவாவே ஆள் வச்சுப் பாத்த குதிரையை. இதை ஆர் நம்புவினம்? ஆதாரம் என்ன இருக்கு?”

அவளிடம் எதுவும் இருக்கவில்லை. ஒரு காலத்தில் மற்றவர்களிடம் அவள் கேட்ட அதே கேள்வி.

அப்போது பின்வரிசைப் பெண்கள் எழுந்து வழிவிட்டார்கள். மத்தேயு வந்துகொண்டிருந்தான், சாரத்தை மடித்துக் கட்டியபடி, உடம்பெல்லாம் புழுதி. ஒரு கையில் தண்ணீர் வாளி, மறுகையில் கயிறு. கயிற்றின் முனையில் மூத்த பெட்டைக் குதிரை. அதன் பின்னால் மற்ற இரண்டு பெட்டைகள். எல்லாவற்றுக்கும் பின்னால், கொஞ்சம் தள்ளி, சந்தேகத்தோடு ஆண்குதிரை.

சிரித்தவர்கள் எழுந்து நின்றார்கள். மூத்த பெட்டை கூட்டத்துக்குள் புகுந்து நேரே வீரையாவிடம் போய் அவன் தோளில் மூக்கைத் தேய்த்தது. வீரையா இரண்டு கையாலும் அதன் முகத்தைப் பிடித்தான். “ராசாத்தி” என்றான். “ராசாத்தி, எங்கடி போயிருந்த?” அதற்குமேல் அவனால் முடியவில்லை.

“தலைவர் ஐயா, செத்த குதிரை நாலும் கூட்டத்துக்கு நேரில சமூகம் தந்திருக்கு” என்றான் மத்தேயு.

பத்மாசனி அவனைத் தனியே இழுத்தாள். “நீ எப்ப போனனீ?”

“விடியமுந்தி. நீங்கள் அவாவை நம்பினீங்கள். நான் குதிரையை நம்பினன்.” அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “அங்க ஒருத்தரும் இல்லை அக்கா. கானெல்லாம் வெறுமை. படலை இறுக்கிக் கட்டியிருந்தது.”

“மிஸ்ஸைத் தேடுறீங்களோ?” கூட்டத்திலிருந்து அன்னபாக்கியம் என்ற பெண் கேட்டாள். மூத்த மகளை வழியனுப்பிவிட்டு வந்தவள். “அவா காலமை வவுனியாவுக்கு வெளிக்கிட்டிட்டாவே. என்ர பிள்ளை போன அதே உழவு மெசின் பெட்டியிலதான் ஏறினவா. ரண்டு பெரிய பை. நான்தான் தூக்கிக் குடுத்தனான்.”

பத்மாசனி பாதையின் பக்கம் திரும்பினாள்.

வன்னியைவிட்டு வெளியே போகப் பாஸ் வேண்டும். நினைத்த நாளில் கிடைக்காது; மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பாஸுக்கு ஒரு பிணையும் வேண்டும். போனவர் திரும்பி வராவிட்டால், பிணை நின்றவர் வெளியே போக முடியாது. சித்திரை மாதத்தில் சுதர்சினி கேட்டாள், வவுனியாவில் அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன், ஒரு கிழமையில் வந்துவிடுவேன் என்று. யார் பிணை என்ற கேள்வியே எழவில்லை. பத்மாசனி ஒரு கடதாசிகூடப் பார்க்கக் கேட்கவில்லை. போய்க் கையெழுத்துப் போட்டாள்.

சித்திரை. குதிரைகள் காணாமற்போனது ஆவணி. அப்படியென்றால் முதல் மரத்தில் உப்புத் தடவும்போதே போகும் வழி முடிவாகியிருந்தது. வறட்சி முடிய ஆராய்ச்சி முடியும். ஆராய்ச்சி முடிய அவள் இருக்கமாட்டாள். படலையை யார் திறப்பார்கள், வீரையா எங்கே போவான், பிணை நின்றவள் என்ன ஆவாள் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வரவேயில்லை.

“நேற்றே தெரியுமெண்டா நேற்றே சொல்லியிருக்கலாமே, தங்கச்சி” என்றார் ராஜரத்தினம். குரலில் குற்றம் இல்லை. அதுதான் இன்னும் சுட்டது. “ஆளை மறிச்சிருக்கலாம்.”

“ஓம்” என்றாள். “நம்பிவிட்டிட்டன்.”

ராஜரத்தினம் வீரையாவின் பக்கம் போய்த் தொண்டையைச் செருமினார். காணியை ஒருவரும் தொடமாட்டார்கள் என்றும், நடந்ததை மனதில் வைக்க வேண்டாம் என்றும் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். வீரையா தலையாட்டினான். எதற்கு ஆட்டினான் என்று தெரியவில்லை. சனம் ஒவ்வொருவராகக் கலைந்தது. முணுமுணுத்தவனும் போனான், குதிரையின் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு.

வடிவம்மா ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குதிரைகள் குடித்து முடியும்வரை வீரையா பக்கத்திலேயே நின்றான். பிறகு பத்மாசனியிடம் வந்தான்.

“ஒண்ணு கேக்கலாங்களா?”

“கேளுங்கோ வீரையா.”

“ரெண்டு வருசமா அந்தம்மாகூடக் காட்டுல நடந்தேன். கரடி வந்தப்ப முன்னால நின்னேன். நேத்து நீங்க பாத்தப்போ…” அவன் சொல்லைத் தேடினான். “என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா? வருத்தமா, ஒரு வார்த்தை?”

வடிவம்மா தலையை நிமிர்த்திப் பத்மாசனியைப் பார்த்தாள். இல்லாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிடச் சொல்லி அந்தப் பார்வை கெஞ்சியது. சொல்வது எளிது. அவனுக்கு அது ஆறுதலாகவும் இருந்திருக்கும். நல்ல பொய், நாளைக்கு யாரும் வந்து சரிபார்க்க முடியாத பொய். மத்தேயுகூட வாளியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

“இல்லை வீரையா” என்றாள். “ஒண்டும் சொல்லேல்ல.”

வீரையா குதிரைகளின் பக்கம் திரும்பினான்.

“சரிங்க” என்றான். கயிற்றை மூத்த பெட்டையின் கழுத்திலிருந்து கழற்றி மத்தேயுவிடம் கொடுத்தான். நாக்கால் ஒரு சத்தம் எழுப்பினான். குதிரைகள் அவன் பின்னால் காட்டுப் பாதையில் இறங்கின.